மன்னார்க் கரையில் தந்தியும் மோடமும்

தலைமன்னார் முனையில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு மணல் திட்டுக்களின் வரிசையொன்று கடலுள் மறைவதும் மீண்டும் தோன்றுவதும் புலப்படும். ஆதாம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் வழங்கப்படும் அத்திட்டுக்கள், ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் தொலைவு சென்று, தனுஷ்கோடியை அணுகி நிற்கின்றன. இலங்கையும் இந்தியாவும் இத்துணை நெருங்கி வருவது வேறெங்குமில்லை. ஆகவே, ஒரு கரையின் சொல்லை மறு கரைக்குக் கொண்டு செல்ல விழைந்தோர் காலந்தோறும் மன்னாரையே நாடி வந்தனர். அச்சொல் ஓட்டக்காரன் தோளிலும், தோணியிலும், தந்திக் கம்பியிலும், தொலைபேசியிலும் ஏறிச் சென்றது. தொலைபேசிக் கம்பியின் மேல் கணனிகள் உரையாடிய மோடமும் அவ்வரிசையில் வந்ததே. இணைப்பு எவ்வாறு போடப்பட்டது, பழுதுற்றபோது அப்பழுது எவ்வாறு தேடப்பட்டது என்பன ஆராயத்தக்க வரலாறாகும்.

தந்தி வருமுன்னர்த் தபால், மனிதனின் கால்களையே நம்பியிருந்தது. கொழும்பிலிருந்து புத்தளம் வழியாக மேற்குக் கரையோரமாய் ஓட்டக்காரர் கடிதப் பைகளைத் தாங்கி மன்னாரை அடைவர். அங்கிருந்து தோணி ஏறிக் கடல் கடந்த பைகள் இராமநாதபுரம் வழியாகச் சென்னையை நோக்கிச் செல்லும். காற்று எதிர்த்தால் தோணி காத்திருக்க வேண்டும். தோணி காத்திருந்தால் செய்தியும் காத்திருக்கும். மாரிக் காலத்தில் இக்காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்லுதல் இயலாது.

அக்காலத்தில் ஐரோப்பாவின் செய்தி இலங்கையை வந்தடைந்த வாயில் காலியாகும். சூயஸிலிருந்து கல்கத்தா நோக்கிச் செல்லும் தபால் நீராவிக் கப்பல்கள் காலித் துறையில் தங்கிச் சென்றன. காலியிலிருந்து கொழும்புக்கு எழுபது மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரம். அத்தூரத்தைக் குதிரைவண்டி கடக்கும் வரை பொறுத்திருக்க மனமில்லாத ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை, புறாக்களின் காலில் செய்திச் சீட்டுக்களைக் கட்டிப் பறக்கவிட்டது. கிரிமியப் போரின் செய்திகள் கொழும்புக்கு அவ்வாறே சிறகடித்து வந்தன. 1858 ஆம் ஆண்டில் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக் கம்பி திறக்கப்பட்டதும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது.

கடலுக்கு அப்பால், இந்தியாவில், தந்தியின் தோற்றம் ஒரு மருத்துவரின் முயற்சியாலாயிற்று. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராயிருந்த வில்லியம் புரூக் ஓஷானெசி, 1839 ஆம் ஆண்டிலேயே இருபத்தொரு மைல் நீளக் கம்பியை மூங்கிற் கால்களின் மேல் சுற்றிச் சுற்றி இழுத்து, அதன் ஒரு பகுதியை ஆற்று நீரினுள்ளும் செலுத்திப் பரிசோதனை செய்தார். செய்தி வந்ததை உணர்த்தியது விரலில் ஏறிய மின்னதிர்ச்சியே. நீருக்கடியிலும் மின் செய்தி செல்லும் என்பதை அப்பரிசோதனை காட்டியது. ஆயினும் அரசு செவி சாய்க்கப் பல ஆண்டுகள் ஆயின. 1851 இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை கம்பி எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளுள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் கம்பியால் பிணைக்கப்பட்டன. 1855 இல் தந்தி பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

இந்தியக் கம்பி தெற்கே இறங்கி வந்தது. இலங்கைக் கம்பி வடக்கே ஏறிச் சென்றது. இரண்டும் எங்கே கைகோத்தல் வேண்டும் என்பதில் ஐயமிருக்கவில்லை. 1850களின் இறுதியில் மன்னார்க் கடலின் அடியில் கம்பி கிடத்தப்பட்டது. இரு நாடுகளும் தந்தியால் இணைந்தன. அட்லாண்டிக் மாகடலின் முதற் கம்பியும் அதே காலத்தில், 1858 இல், போடப்பட்டதே. அது சில வாரங்களில் ஊமையாயிற்று. நிலைத்து நின்ற அட்லாண்டிக் கம்பி 1866 இலேதான் அமைந்தது. கடற்கம்பி என்பது உலகெங்கும் இன்னும் பரீட்சைப் பருவத்தில் இருந்த நாட்களிலேயே மன்னார் அதனைக் கண்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்காலத்துக் கடற்கம்பியின் அமைப்பு எளிதாக விளங்கக்கூடியது. நடுவே செப்புக் கம்பி இருக்கும். மின்னைத் தாங்கிச் செல்வது அதுவே. அதன் மேல் கட்டாபேர்ச்சா என்னும் மரப்பால் உறை. மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பாலே அது. வெந்நீரில் இளகும், குளிர்ந்தால் இறுகும், கடல் நீரை உட்புக விடாது. அதன் மேல் தார் தோய்த்த சணல். எல்லாவற்றிற்கும் மேலே இரும்புக் கம்பிகளாலான கவசம். மின்னைக் கடத்துவதற்கு ஒன்று, மின்னைக் காப்பதற்கு ஒன்று, காப்பதைக் காப்பதற்கு மற்றிரண்டு எனக் கொள்ளலாம்.

இவ்வளவு கவசம் பூண்டிருந்தும் மன்னார்க் கடல் கம்பிக்கு எளிய படுக்கையன்று. ஆழ்கடலின் அடியிலே அசைவு குறைவு. அங்கே கிடத்திய கம்பி அமைதியாகக் கிடக்கும். ஆதாம் பாலத்தை ஒட்டிய நீரோ பல இடங்களில் ஓராள் ஆழமே உடையது. தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கமாக மணலை வாரும். வடகிழக்குப் பருவக்காற்று மறு பக்கமாக வாரும். இன்று மணலுள் புதைந்து கிடக்கும் கம்பி, சில மாதங்களில் நீரில் தொங்குதல் கூடும். தொங்கும் கம்பி பாரில் உராயும். பவளப் பாறை அரம் போல் அதன் கவசத்தைத் தேய்க்கும். தோணிகளின் நங்கூரமும் அதில் கொழுவும். ஆழமில்லாத கடலே கம்பிக்கு ஆபத்தான கடல் என்னும் உண்மை, கம்பி போட்டோர் அனைவரும் அனுபவத்தால் கற்றதாகும்.

கம்பி கரையேறிய இடத்தில் தந்தி நிலையம் அமைதல் வேண்டும். மேசை மீது ஒரு சாவி. அதன் அருகே செய்தியை வாங்கும் கருவி. கீழே மின்கலச் சாடிகள். சுவரின் புறத்தே மண்ணில் புதைத்த உலோகத் தகடு. இறுதியிற் கூறிய தகட்டின் தேவை பலருக்கு வியப்பளிப்பது. மின்னோட்டம் சென்றால் திரும்பி வரல் வேண்டும். திரும்பி வருவதற்கு இரண்டாவது கம்பி போடும் செலவை மிச்சப்படுத்த, பூமியையே திரும்பும் வழியாகக் கொண்டனர். ஆகவே தகடு ஈரமான மண்ணைத் தொட்டிருத்தல் அவசியம். உலர்ந்த மணலில் புதைத்த தகடு வழியை அடைத்துவிடும். கோடையில் மணல் காய்ந்து கிடக்கும் மன்னார் போன்ற தீவில், ஈரம் காணும் வரை தோண்டியே தகட்டைப் புதைத்தல் வேண்டும். சாவி, கலம், கம்பி யாவும் செவ்வனே இருந்தும் தந்தி பேசாதாயின், அனுபவமுள்ள அலுவலர் முதலில் ஐயுறுவது இத்தகட்டையே.

கம்பி பழுதுற்றால் என் செய்வது? முப்பது கிலோமீற்றர் நீளக் கம்பியைக் கடலிலிருந்து முழுவதும் தூக்கிப் பார்த்தல் இயலாது. கண்ணாற் காண இயலாத பழுதைக் கணக்காற் காணுதல் வேண்டும். கம்பிகளுக்கு வரும் நோய்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, அறுதல்: மின்னோட்டம் செல்வதேயில்லை. மற்றொன்று, கசிதல்: உறை கிழிந்து மின் கடலுள் ஒழுகும், இங்கே கலம் மிகுதியாகச் செலவாகும், அங்கே செய்தி மெலிந்து சேரும். மூன்றாவது, ஒரு கம்பி மற்றொன்றைத் தொடுதல்: ஒருவருக்குரிய செய்தி மற்றவரிடம் போய்ச் சேரும். எந்நோய் என்பதைக் கல்வனோமானி என்னும் கருவியின் ஊசி எவ்வளவு சாய்கிறது என்பதைக் கொண்டே கரையிலிருந்தபடி அறியலாம்.

நோய் இன்னதென அறிந்த பின் அதன் இடத்தை அறிதல் வேண்டும். செப்புக் கம்பி மின்னோட்டத்துக்குச் சிறிது தடை கொடுக்கும். ஒரு மைல் கம்பியின் தடை எவ்வளவு என்பது, அதனைக் கடலில் இறக்குமுன்னரே அளந்து குறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, மைலொன்றுக்கு 10 ஓம் தடை உடைய கம்பி நடுவழியில் அறுந்து, செப்பு முனை கடல் நீரைத் தொட்டுக் கிடக்கிறதெனக் கொள்வோம். கரையிலிருந்து அளக்கும்போது 120 ஓம் காட்டினால், பழுது ஏறக்குறைய பன்னிரண்டாவது மைலில் உள்ளது. மறு கரையினரும் அவ்வாறே அளந்து கூறினால், இரு கணக்குகளும் சந்திக்கும் இடத்தை நோக்கிக் கப்பல் செல்லலாம். இவ்வளவைக்கு உதவும் கருவியின் பெயர் வீட்ஸ்டன் பாலம். ஆதாம் பாலத்தின் அருகே கிடந்த கம்பியின் நோயை அறிதற்கு மற்றொரு பாலமே துணையாகும் என்பது சுவையான பொருத்தம்.

கப்பல் அவ்விடத்தை அடைந்ததும் கொளுவிகளை இறக்கிக் கம்பியைப் பிடித்துத் தூக்குவர். அதனை வெட்டி, இரு முனைகளிலும் தனித்தனியே சோதிப்பர். ஒரு முனை அதன் கரையோடு நன்றாகப் பேசினால் அப்பாதி நலமாயுள்ளது. பழுது மற்றைப் பாதியில் உள்ளது. இங்ஙனம் நலமானதை விலக்கி விலக்கிச் செல்ல, நோயுற்ற துண்டு மட்டுமே எஞ்சும். புதிய துண்டை இணைத்துச் செப்பைப் பற்றவைத்து, மரப்பாலைச் சூடாக்கி மூடி, கவசத்தைப் பின்னி மீண்டும் கடலில் இறக்குவர். பழுது நீக்கும் வேலையிற் பெரும்பாதி அதன் இடத்தைக் காண்பதே. இம்முறையை நேயர்கள் மனத்தில் இருத்துவது நன்று. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னர், வேறொரு கருவியின் முன்னே அமர்ந்தோரும் இதனையே மீண்டும் கற்க வேண்டியதாயிற்று.

மன்னார்க் கம்பியில் செய்தி ஓடிய திசை சில ஆண்டுகளுள் மாறியது குறிப்பிடத்தக்கது. முதலில், காலித் துறைக்குக் கப்பல் கொண்டு வந்த ஐரோப்பியச் செய்தி வடக்கே ஓடி, மன்னாரைக் கடந்து இந்தியாவுக்குச் சென்றது. 1864 இல் பாரசீக வளைகுடாவில் கடற்கம்பி போடப்பட்டு, மறு ஆண்டிலிருந்து ஐரோப்பாவும் இந்தியாவும் தந்தியால் தொடர்புற்றன. 1870 இல் சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய்க்கும் கடற்கம்பி வந்து சேர்ந்தது. அதன் பின்னர் உலகச் செய்தி இந்தியாவை முதலில் அடைந்து, மன்னார் வழியாகத் தெற்கே கொழும்புக்கு இறங்கிற்று. கொடுத்த கை வாங்கும் கையாயிற்று. ஆயினும் கம்பி ஒன்றே. அது ஏறிய கரையும் ஒன்றே.

1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தலைமன்னார் வரை புகையிரதப் பாதையும் அமைந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. சென்னையில் சீட்டு வாங்கியவர் இரயிலும் கப்பலும் புகையிரதமுமாக மாறிக் கொழும்பில் வந்து இறங்கலாயினர். எங்கெங்கும் புகையிரதப் பாதையோடு தந்திக் கம்பியும் துணை சென்றது. ஒரு நிலையம் அடுத்த நிலையத்துக்கு வண்டி புறப்பட்டதை அறிவியாமல் பாதுகாப்பான ஓட்டம் இயலாதன்றோ!

இவ்விணைப்புக்கு முதற் பேரடி 1964 டிசம்பரில் விழுந்தது. 22 ஆம் திகதி இரவு எழுந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலலையுள் மூழ்கியது. மன்னார் உட்பட இலங்கையின் வடபகுதியும் அச்சூறாவளியால் தாக்குண்டு உயிர்களையும் உடைமைகளையும் இழந்தது. தனுஷ்கோடித் துறை மீண்டும் எழவில்லை. கப்பற் சேவை இராமேசுவரத்துக்கு மாறி, 1980களில் அதுவும் நின்றது.

இனி, கணனிகள் கம்பியிற் பேசத் தொடங்கிய காலத்துக்கு வரலாம். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையான அதிர்வெண்களையே அது ஏற்கும். கணனி அறிந்ததோ ஒன்று, சுழியம் என்னும் இரு குறிகள் மட்டுமே. அக்குறிகளைக் குரல் போன்ற ஒலிகளாக மாற்றிக் கம்பியில் ஏற்றுவதும், வந்த ஒலிகளை மீண்டும் குறிகளாக இறக்குவதும் மோடத்தின் தொழில். 1962 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பெல் 103 என்னும் மோடம் ஒன்றுக்கு ஓர் ஒலியும் சுழியத்துக்கு மற்றோர் ஒலியும் பயன்படுத்தியது. செக்கனுக்கு 300 குறிகளை அனுப்பிற்று. தேர்ந்த தந்தியாளர் கையால் நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து சொற்களை அனுப்புவர். இக்கருவி அதே நேரத்தில் ஏறக்குறைய முந்நூறு சொற்களை அனுப்பியது. 1998 இல் வந்த முறையோ செக்கனுக்கு 56,000 குறிகள் வரை பெறலாம் என்றது. நீண்ட ஒலியும் குறுகிய ஒலியுமாய் மோர்ஸ் குறியைக் கேட்ட காது, கீச்சொலியும் இரைச்சலுமாய் இரு மோடங்கள் ஒன்றையொன்று விசாரித்து உடன்படும் ஒலியைக் கேட்கலாயிற்று.

1990களின் தொடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் தொலைபேசிக் கம்பி வழியே மின்னஞ்சலைப் பரிமாறத் தொடங்கின. 1995 இல் இணையச் சேவை பொதுமக்களுக்கும் கட்டணத்திற்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் திகதி இந்தியாவிலும் அச்சேவை தொடங்கிற்று. சென்னையும் அதனைப் பெற்ற நகரங்களுள் ஒன்று.

மோடத்தைப் பொருத்துவது பார்வைக்கு எளிது. கணனியின் தொடர் வாயிலில் ஒரு வடம், சுவரிலுள்ள தொலைபேசிச் செருகியில் மற்றொரு வடம், மின்சாரத்துக்கு மூன்றாவது. பின்னர் எந்த வாயிலில் மோடம் உள்ளது என்பதைக் கணனிக்கு அறிவித்து, சேவை நிலையத்தின் எண்ணை எழுதி அழைத்தல் வேண்டும். இவ்வளவும் செய்த பின் இணைப்புக் கிட்டாவிடின் பலர் மோடத்தையே குறை கூறினர். நிதானமுள்ளவரோ பழைய தந்தியாளர் போல் பாதி பாதியாக விலக்கிச் சென்றனர். கணனியிலிருந்து ‘ஏ.டி.’ என்னும் ஈரெழுத்தை அனுப்புவர். மோடம் ‘ஓ.கே.’ என விடை கூறினால், கணனிக்கும் மோடத்துக்கும் இடைப்பட்ட வழி நலம். விடை வராவிடில் வடமோ வாயிலோ பிழை; ஒரே வாயிலுக்கு இரண்டு கருவிகள் உரிமை கோருதலும் கூடும். விடை வந்தும் அழைப்புத் தொனி இல்லை என்று மோடம் அறிவித்தால், அதே செருகியில் சாதாரணத் தொலைபேசியை மாட்டிக் கேட்பர். தொனி கேட்டால் குற்றம் இப்புறம்; கேளாவிடில் வீதியில் நிற்கும் தூண் வரையிலோ அதற்கப்பாலோ. மணியடித்து மறுமுனை ஏற்றும் இணைப்பு உடனே அறுந்தால், கம்பியின் இரைச்சலை ஐயுற வேண்டும்.

கடற்கரை ஊர்களில் அவ்விரைச்சலுக்குக் குறைவில்லை. உப்புக் காற்று செப்பு மூட்டுக்களைப் பச்சை பூக்கச் செய்யும். மழை பெய்தால் மூட்டினுள் நீர் புகும். பேசும் மனிதர் கரகரப்புக்கிடையே ஒருவர் சொல்லை மற்றவர் ஊகித்துக் கொள்வர், மோடம் ஊகிக்காது. அது வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதுவும் பலிக்காவிடில் பேச்சை முறித்துக்கொள்ளும். கணனி எவ்வளவு புதியதாயினும், தூணின் உச்சியில் உள்ள பழைய மூட்டின் தகுதியே இணைப்பின் தகுதியாயிற்று. மாற்ற வேண்டியது பெரும்பாலும் விலையுயர்ந்த கருவியன்று; ஒரு விரல் நீளமுள்ள செப்புத் துண்டே.

ஆனால் கம்பியே இல்லாத இடத்தில் எந்தச் சோதனையும் உதவாது. தெற்கே கணனிகள் கம்பியிற் பேசப் பழகிய அப்பத்தாண்டு, மன்னாருக்குப் போரின் பத்தாண்டாயிருந்தது. 1990 இல் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. தலைமன்னாருக்குப் புகையிரதம் வருவது நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்கள் தம் இல்லங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். தோணியேறி இராமேசுவரக் கரையில் அகதிகளாய் இறங்கிய தமிழர் பல்லாயிரவர். வடபகுதியின் தொலைபேசித் தொடர்புகள் பலவும் அறுந்து கிடந்தன. உலகச் செய்தியெல்லாம் ஒரு காலத்தில் தன் கரையைத் தொட்டுச் செல்லக் கண்ட ஊர், உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்னும் ஒரு சொல்லுக்குக் கையாற் கொண்டு வரப்படும் கடிதத்தை எதிர்பார்த்திருந்தது. ஓட்டக்காரனும் தோணியும் செய்தி சுமந்த காலம் மீண்டு வந்தது போலாயிற்று.

போர் 2009 இல் முடிந்தது. 2010 இல் மன்னாருக்குப் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. அதற்குள் மோடத்தின் காலம் பெரிதும் கழிந்துவிட்டது; கையடக்கத் தொலைபேசி கம்பியின்றியே கணனியின் வேலையைச் செய்யலாயிற்று. 2006 இல் இந்தியாவையும் இலங்கையையும் இணைக்க ஒளியிழைக் கடற்கம்பி போடப்பட்டபோது, அது தூத்துக்குடியிலிருந்து கல்கிசைக்குச் சென்றது. ஆழமில்லாத மன்னார்க் கடலை விட்டு, நீண்டதாயினும் ஆழமான வழியையே புதிய கம்பி தேர்ந்துகொண்டது.

தந்தியின் சாவியும் மோடத்தின் கீச்சொலியும் இன்று பழங்கதைகளே. அவ்விரண்டும் விட்டுச் சென்ற பாடம் பழையதாகவில்லை. இணைப்பு என்பது ஒரு நாள் விழா எடுத்துத் திறந்து வைத்ததோடு முடிவதன்று. மணல் நகர்கிறதா, தகட்டைச் சூழ்ந்த மண் ஈரமாயுள்ளதா, மூட்டில் உப்பு ஏறியுள்ளதா என்று நாள்தோறும் கேட்டுக் காப்பாற்றுவோர் இருக்கும் வரையே அது இணைப்பு. பழுது நேர்ந்தால் மறு கரையைப் பழித்தலாற் பயனில்லை. தன் முனையை முதலிற் சோதித்து, மறு முனையினரையும் சோதிக்கச் செய்து, இரு கணக்கும் சந்திக்கும் இடத்தைத் தேடுதல் வேண்டும். மன்னார்க் கடலில் கம்பி போட்டோர் கண்ட வழி அதுவே. கம்பிகளுக்கு மட்டுமன்றி, அக்கடலின் இரு கரைகளிலும் வாழும் மக்களுக்கும் அது பொருந்துவதாகும்.